நல்லா இருக்கு என்று எழுத வேண்டாம்

மூன்று கிட்டார்களை ஊருக்குள் விட்டிருக்கிறோம்,
நானும் போனிபாஸும்.
ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு 555 புத்தகம்,
சணலில் கட்டிய பென்சில்.
மளிகைக் கடன் எழுதுகிற அதே புத்தகம்தான்.
முதல் பக்கத்தில் என் கையெழுத்து:
“நல்லா இருக்கு என்று மட்டும் எழுத வேண்டாம்.
அது எங்களுக்கு உதவாது.”

பஹாவில், டயர் கடைக்குப் பின்னால் பட்டறை.
மறுநடவுக்குத் தள்ளிய ரப்பர் மரம்தான்
முதுகும் விலாவும்.
வெளிறிய மரம். எத்தனை காயவைத்தாலும்
மழை வந்தால் மறுபடி குடிக்கும்.
மேசை செய், கட்டில் செய்,
இதில் நாதம் எங்கே வரும் என்றார்
சிரம்பான் இசைக்கடைக்காரர்.
அவர் சொன்னது தப்பென்று காட்ட
எங்களிடம் எதுவும் இல்லை.
வாசிக்கிறவர்களைத்தான் கேட்க வேண்டும்.

முதலாவது மாதா கோவிலில் மூன்று ஞாயிறு இருந்தது.
திரும்பி வந்த புத்தகத்தில்
“நல்லா இருக்கு.”
கீழே, வேறு கையெழுத்தில்,
“ரொம்ப நல்லா இருக்கு. கர்த்தர் ஆசீர்வதிப்பார்.”
போனிபாஸ் படித்தான்.
பசை டின்னை மூடினான்.
கோப்பி குடிக்கப் போனவன் மாலைவரை வரவில்லை.

இந்த ஊரில் உண்மையை வாங்குவது
கைமாற்று கொடுத்ததை வாங்குவதைவிடச் சிரமம்.
கல்யாணப் பந்தியில் உப்பில்லாத ரசத்தையும்
பரவாயில்லை என்று குடித்து எழுகிறவர்கள் நாம்.
நானும்தான்.

இரண்டாவது, மலாய்க் கல்யாணங்களில் வாசிக்கும்
பாக் ருஸ்லானிடம் போனது.
ஒரே வரி, பென்சில் முனை உடையுமளவு அழுத்தி:
கழுத்தா இது, மண்வெட்டிப் பிடியா?
அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.
விடிந்ததும் இரண்டு மில்லி இழைத்தேன்.

மூன்றாவது வரவேயில்லை.
செம்பனைக் குலை ஏற்றும் லோரியில்
ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால்
அது ஊர் சுற்றுவதாகக் கேள்விப்பட்டோம்.
தணிகாசலம் என்று பெயர்.
அரிவாள் வெட்டில் இடதுகைச் சுட்டுவிரல்
பாதியோடு நின்றுபோனவர்.

இரண்டு மாதம் கழித்துக் கொண்டுவந்தார்.
புத்தகம் நிறைய எழுத்து.
ஆவலாகப் புரட்டினோம்:
திங்கள் ஆறு டன். செவ்வாய் நாலரை.
புதன் மழை, ஓட்டமில்லை.
வியாழன் டயர், நூற்றிருபது ரிங்கிட்.
கிட்டாரைப் பற்றி ஒரு சொல் இல்லை.

“எப்படிங்க இருந்துச்சு?”
“நல்லா இருக்கு” என்றார்.
லோரியை இயங்கவிட்டே வந்திருந்தார், போய்விட்டார்.

அப்புறம்தான் பெட்டியை முழுதாகத் திறந்தோம்.

முன்கை படியும் விளிம்பில்
சைக்கிள் டியூப்பை வெட்டி ஒட்டியிருந்தது.
அந்த விளிம்பு அறுக்கிறது என்று
யாரும் சொன்னதில்லை.
ஐந்தாம் கம்பியைக் கழற்றிவிட்டு
மற்றவற்றை ஆணியால் புதுப்பள்ளம் கீறி
தள்ளித் தள்ளி அமர்த்தியிருந்தார்,
பாதி விரலுக்கும் இடம் வருகிற மாதிரி.
நாங்கள் அளந்து அளந்து வைத்த பாலத்தில்
ஆணிக் கீறல்.
போனிபாஸ் கோபப்படப் போகிறான் என்று நினைத்தேன்.
அவன் அளவுகோலை எடுத்து
கீறல்களுக்கு நடுவே வைத்து
ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டிருந்தான்.

துளைக்குள் கைவிட்டபோது துணி தட்டுப்பட்டது.
கிழிந்த பனியன், நாலாக மடித்து
முதுகுப் பலகையோடு ஒட்டியிருந்தது.
உருவியதும்
மூன்றாம் கட்டையில் ஒரு சுரம்
நாய் மாதிரி ஊளையிட்டது.
மாதா கோவிலிலும் ஊளையிட்டிருக்கும்.
ஆமென் சொல்லிக் கடந்திருப்பார்கள்.

நாலாவது கிட்டாருக்கு விளிம்பைச் சரித்துச் சீவியாயிற்று.
புத்தகத்தின் முதல் பக்கத்தில் இப்போது
“வெட்டலாம், கீறலாம், ஒட்டலாம்” என்று மட்டும்.

ஊளை எங்கிருந்து வருகிறதென்று
இன்னும் பிடிபடவில்லை.
விலா எலும்பு ஒன்றை இடம் மாற்றிப் பார்த்தோம்,
பலகையை மெலித்துப் பார்த்தோம்.
அதுவரைக்கும்
டீசல் வாடையடிக்கும் பனியனை
மடிப்புக் கலையாமல்
இருந்த இடத்திலேயே வைத்திருக்கிறோம்.