சத்தம் வராத படம்

ஜவளகிரிக் காட்டிலிருந்து இருபத்தி மூன்று
தளி ரோட்டைத் தாண்டிவிட்டதாம்.
ஜீப்பில் வந்த வாட்சர்
மூன்று பாஷையிலும் ஒருமுறை சொல்லிவிட்டுப் போனார்:
கதவைச் சாத்துங்க, விளக்கை அணைங்க,
நாங்க வந்து சொல்ற வரைக்கும்
ஒண்ணுக்குக்கூட வெளியே வராதீங்க.
விளக்கை நாங்கள் அணைப்பதற்குள்
கரண்டை நிறுத்திவிட்டார்கள்.

ரோஜாக் குடிலுக்குப் பின்னால் லைன் வீடு,
அதில் மூன்றாம் நம்பர் என்னுடையது.
முனிரத்தினம்மாவும் சிக்கண்ணாவும்
தங்கள் கதவுக்குத் தாழ்ப்பாள் சரியில்லை என்று
பாயைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்.
ஒரு போன். நாற்பத்தோரு சதவீதம்.
டவர் கிடையாது.
மெமரி கார்டில் நாலு படம்.

துப்பாக்கிப் படம் வேண்டாம்,
வாட்சர் வெடி போட்டதாக நினைச்சுக்குவார் என்றாள் அவள்.
பேய்ப் படம் வேண்டாம் என்றார் சிக்கண்ணா,
காரணம் சொல்லவில்லை.
இன்னொன்று கல்யாணக் கலாட்டா.
சிரித்துத் தொலைப்போம், ஷீட்டுக் கூரை காட்டிக்கொடுக்கும்.
மிஞ்சியது, பாலக்கோட்டில் தம்பி ஏற்றிக் கொடுத்து
இரண்டு மாசமாய் நான் தொடாத படம்.
வேலைக்குப் போனவன் ஊர் திரும்புகிறான்.
அவ்வளவுதான் கதை என்று சொல்லியிருந்தான்.

முள் குத்திப் பிளாஸ்திரி ஒட்டிய என் விரலைத்
திரை மதிக்கவில்லை.
சிக்கண்ணா தொட்டார்.
சத்தத்தை முழுக்கக் குறைத்தோம்.
போர்வைக்குள் மூன்று தலை.

ஒருத்தி அழுதாள், அவன் அம்மாவாகத்தான் இருக்கும்.
காசு வேணாம், ஆள் வந்தா போதும் என்று
முனிரத்தினம்மா அவளுக்குத் தெலுங்கு கொடுத்தாள்.
கண்டக்டருக்குச் சிக்கண்ணாவின் கன்னடம்,
சில்லறை இல்லாததற்கு அத்தனை கோபம்.
நாயகன் என் பொறுப்பு.
எனக்கு எதுவும் வாயில் வரவில்லை.
சரி என்றேன்.
எதற்கும் சரி, எல்லாவற்றுக்கும் சரி.
அவன் முகத்துக்கு அது பொருந்தியது.

இடைவேளை என்று எழுத்து வந்தபோது
அடுத்த கொல்லையில் யாரோ
கேழ்வரகைப் பிடுங்கும் சத்தம்.
யாரோ இல்லை.
போனைக் கவிழ்த்தேன்.

வேரோடு பிடுங்கி,
காலில் தட்டித் தட்டி மண் உதிர்த்து,
பிறகுதான் வாய்க்குப் போகிறது.
எங்கள் சூப்பர்வைசர்கூட
பூவை இவ்வளவு சுத்தம் பார்த்ததில்லை.
நடுவே ஒரு ஹாலோபிளாக் சுவர்.
முனிரத்தினம்மாவின் வளையலைச் சிக்கண்ணா
அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.
போனின் ஓரத்தில் வெளிச்சம் கசிந்து
நிறம் மாறிக்கொண்டே இருந்தது.
அவன் எங்கேயோ போய்க்கொண்டிருந்தான்,
எங்களை விட்டுவிட்டு.

எவ்வளவு நேரமென்று தெரியாது.
நிமிர்த்தியபோது ஒன்பது சதவீதம்.
அவன் வீட்டுக்குள் உட்கார்ந்து
சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.
எப்படி வந்தான், யார் கதவைத் திறந்தது,
கொஞ்சம் பின்னால் ஓட்டிப் பார்ப்போமா என்றேன்.

வேணாம், அதான் வந்துட்டான் இல்ல,
என்றாள் முனிரத்தினம்மா, தமிழில்.

அவன் கை கழுவ எழுந்தான்.
போன் அணைந்தது.
வாட்சர் இன்னும் வரவில்லை.