எந்தப் பக்கம் நிற்பது

விடிய நாலரை.
கொம்பனித்தெருப் பாலத்தடியில் ஓட்டோவை நிறுத்தியாகிவிட்டது.
எங்கே நிற்பதென்றுதான் இன்னும் முடிவில்லை.

இடப்பக்கம் ஹோட்டல் சமையலறைக் கான்.
மிச்சச் சோறு வந்து விழுகிற இடத்தில்
மீன் கொழுத்துத்தான் இருக்கும்,
எவ்வளவு மிளகு போட்டாலும் சவர்க்காரம் மணக்கும்.
வலப்பக்கம் தண்டவாளம்.
கோட்டைக்குப் போகிற முதல் வண்டி கடந்தால்
கால்மணி நேரம் தண்ணீர் முகம் கொடுக்காது.
விகாரைப் பக்கம் பேச்சே இல்லை.
அங்கே பாண்துண்டுக்கு வாய் திறந்து நிற்கும் திலாப்பியாக்கள்,
கையால் அள்ளலாம்,
அதனாலேயே தூண்டில் போட மனம் வராது.
காவலாளியும் விடமாட்டான்.

தங்கூசியில் ஒரு நட்டைக் கட்டி இறக்குகிறேன்.
நாலு முழம், சேறு.
பத்தடி தள்ளி ஆறு முழம்,
அடியில் ஏதோ இரும்பு தட்டுகிறது.
பழைய சைக்கிள் என்றால் நல்லது,
விரால் குடியிருக்கும்.

போன கிழமை ருசைக் வினிப்பெக்கிலிருந்து வீடியோ அனுப்பினான்.
ஏரிக்கு நடுவில் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிறான், மடையன்.
கீழே இரண்டடி ஐஸ்.
பதினேழு துளை வெறுமையாம், பதினெட்டில் ஒன்று.
வாலாய் என்று பேர் சொன்னான்.
வாலில் ஒன்றுமில்லை, எல்லாம் கண்ணில்:
டோர்ச் அடித்த பூனை மாதிரி.
"எங்கே துளைக்கிறதென்று எப்படியடா தெரியும்?"
"தெரியாது மச்சான்.
கை விறைச்ச இடத்தில நிப்பாட்டுவன்."

பதினொரு வருசம் என்னோடு இடத்துக்குச் சண்டை பிடித்தவன்.
அவனுக்கு அந்த உடைந்த படி.
கெட்ட இடம்.
மருதமரக்கிளை தாழ்ந்து வந்து தங்கூசியைப் பிடுங்கும்,
வீசுவதற்குத் தோள் திரும்பாது.
ஒருநாளும் நான் அங்கே நின்றதில்லை.

விளக்குக் கம்பத்தில் கூழைக்கடா
ஒரு பக்கமாகவே பார்த்துக்கொண்டிருக்கிறது.
அதை நம்பி இரண்டு தரம் ஏமாந்தாயிற்று.

ஆறேகாலுக்கு மருதானையில் ஸ்கூல் பிள்ளைகள்.
இனி அளக்க நேரமில்லை.
மாவுருண்டையை எடுத்துக்கொண்டு
உடைந்த படியில் இறங்குகிறேன்.

தலைக்கு மேலே
கிளையில் சிக்கித் தொங்குகிறது
அவனுடைய செம்மஞ்சள் மிதப்பு,
வெயிலில் பாதி வெளிறி.
அதைத் தொடவில்லை.
கொஞ்சம் குனிந்து,
தோளை ஒடுக்கி,
பக்கவாட்டில் வீசினேன்.
சரியாகத்தான் விழுந்தது.