துரு

பெயரை ஜெசிந்தாதான் வைத்தாள்.
துருப்பிடிக்காத எஃகு வார்க்கிற ஊரில்
வேறென்ன வைப்பது என்றாள்.
அதற்குமேல் விவாதமில்லை.
அவள் கையில் குச்சிகள் இருந்தன.

கிழங்கு வரத்து நின்றுபோகும் மாதங்களில்
ஆத்தூர் ரோட்டு ஜவ்வரிசி ஆலையின் கிடங்கு
ராத்திரியில் எங்களுடையது.
கணக்கெழுதும் என்னிடம் சாவி.
முதலாளிக்குக் காது மந்தம்.
காவலுக்கிருந்த நாய் மட்டும்
முதல் வாரமே வேலையை விட்டுவிட்டது.

டபுள் பெடலில் அவள் பாதம் இறங்கியதும்
உத்தரத்தில் பத்து வருஷமாகப் படிந்த மாவு
பொலபொலவென்று உதிரும்.
பாட்டு முடிகையில் நான்கு பேரும்
வெள்ளைப் பேய்கள்.
பாஸின் தடித்த நரம்பைத் தொட்டால்
இன்றைக்கும் எனக்குப்
புளித்த மாவு வாடைதான்.

குழந்தைவேலு ஏற்காடு பஸ்ஸில் கண்டக்டர்.
இருபது கொண்டை ஊசி வளைவிலும்
வாந்தியெடுப்பவர்களுக்கு மேலாகக்
கத்திக் கத்திப் பழுத்த தொண்டை.
அவன் உறுமினால்
ஒரு சொல்லும் புரியவில்லை என்பார்கள்.
எழுதியவன் நான், எனக்கே புரியாது.
ஆனால் அது வெள்ளைக்கல் சுரங்கத்தின் பாட்டு:
தோண்டியதைக் கொண்டுபோனார்கள்,
பள்ளத்தை விட்டுப்போனார்கள்.
அவ்வளவுதான் வரிகள்.
மீதி நேரமெல்லாம் இம்தியாஸின் கிடார்.
பகலில் செவ்வாய்ப்பேட்டையில்
கொலுசுக்குப் பற்றவைப்பவன்,
விரல்நுனியில் கொப்புளத்தோடு வருவான்.
சுட்டது நெருப்பா நரம்பா
சொல்ல மாட்டான்.

முதல் மேடை
ஐந்து ரோடு லாட்ஜின் கீழ்த்தளம்.
பதினோரு பேர்.
அதில் நான்கு பேர்
மாடியில் நடந்த காதுகுத்துக்கு வந்து
வழி தவறியவர்கள்.
அவர்களில் ஒரு மீசைக்காரர்
கைக்குட்டையைக் கிழித்துக் காதில் அடைத்துக்கொண்டு
கடைசிவரை நின்றார்.
போகும்போது நூற்றியொரு ரூபாய் மொய் வைத்தார்.
தட்டுவடை செட்டாகத் தின்று தீர்த்தோம்.

பிறகு பெங்களூரில் நிலத்தடி பார்கள்.
ஜங்ஷனில் அன்ரிசர்வ்டு பெட்டிக்குள்
டிரம்ஸைத் திணிக்க
ஜெசிந்தாவின் அப்பாவுக்குத் தெரிந்த போர்ட்டர்கள்.
விடியற்காலை திரும்பி வந்து
அவரவர் ஷிஃப்டுக்குப் போவோம்,
காதுக்குள் விசிலோடு.

பிறகு யாரோ போனில் எடுத்த
முப்பது நொடி.
எழுந்து பார்த்தால்
பெயர் தெரியாத ஊர்களில் பையன்கள்
எங்கள் பள்ளத்துக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

சென்னையில் மைதானம்.
இருபதாயிரம் பேர் என்றார்கள்.
மேக்கப் போட்ட பெண்
என் கன்னத்தில் வெள்ளைப் பவுடரை ஒற்றிக்கொண்டே
இந்த லுக் யாரோட ஐடியா என்று கேட்டாள்.
மரவள்ளிக் கிழங்கு என்றேன்.
சிரித்து, மூக்கில் இன்னும் கொஞ்சம் ஒற்றினாள்.

செலவு ஏற்றவர்கள் கட்டுமானக் கம்பிக் கம்பெனி.
மேடை முழுக்க அவர்கள் வாசகம்:
நூறாண்டானாலும் துரு அண்டாது.
ஆரஞ்சுச் சட்டைக்காரர் ஒருவர்
ரொம்ப மரியாதையாக,
இந்த ஒரு சாயங்காலம் மட்டும்
பெயர் சொல்லாமல் வாசிக்க முடியுமா என்றார்.
தொகையைச் சீட்டில் எழுதி மடித்துத் தந்தார்.

குழந்தைவேலு பிரித்துப் பார்த்தான்,
டிக்கெட்டைப் போல் நான்காக மடித்தான்.
இம்தியாஸ் தங்கை கல்யாணத்தைப் பற்றி
ஒன்றும் சொல்லவில்லை.
எல்லோருக்கும் கேட்டது.
ஜெசிந்தா குச்சி முனையைக் கடித்துத்
தூரத் துப்பினாள்.
நான் கணக்கெழுதுகிறவன்.
சரியென்று முதலில் சொன்னது நான்.

பெயரில்லாமல் வாசித்தோம்.
நன்றாகவே வாசித்தோம்,
அதைத்தான் இன்னும் யாரிடமும் சொல்ல முடியவில்லை.
அவள் பாதம் இறங்கியபோது
இருபதாயிரம் நெஞ்சுக்கூடு ஒருசேர அதிர்ந்தது.
நான் பழக்கத்தில்
கண்ணை இடுக்கிக்கொண்டு அண்ணாந்தேன்.

கம்பிச் சட்டம், விளக்குகள்,
அதற்கு மேலே சுத்தமான இருட்டு.
ஒன்றும் உதிரவில்லை.

ஜெசிந்தா அடுத்த பாட்டுக்கு
எண்ணத் தொடங்கியிருந்தாள்.