நான்காம் நாற்காலிக்கு மேலே

ஜாலான் ஈப்போவில், டயர் கடைக்கு மேல்மாடியில்
ரத்தம் சுத்திகரிக்கும் நிலையம்.
எனக்கு ரத்தத்தோடு வேலையில்லை.
நான்காம் நாற்காலிக்கு மேலே
சுவரில் தொங்கும் இரும்புப் பெட்டிக்குள்
நாற்பத்தெட்டுத் துளை நெட்வொர்க் சுவிட்ச் ஒன்று,
வயது பதின்மூன்று.
இரு விரலை வளைத்தால் அடங்கிவிடும்
இரண்டு விசிறிகள் அதற்கு.
ஒன்று முனகும். மற்றது கத்தும்.

"லோரி ரிவர்ஸ் எடுக்குற மாதிரி இருக்கு தங்கச்சி.
நாலு மணி நேரமா எடுத்துக்கிட்டே இருக்கான்,
எங்கதான் நிறுத்துவான்?"
செவ்வாய், வியாழன், சனி
அந்த நாற்காலி அந்தோணிராஜுடையது.

புதுசு வாங்கலாமா என்றேன்.
அடுத்த பட்ஜெட்டில், என்றார் மிஸ் ஹோ,
போன வருடக் குரலிலேயே.

ஸ்டிக்கரை நகத்தால் உரித்து
தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டேன்.
பதினோரு நாள் அமைதி.
பன்னிரண்டாம் நாள் லோரி திரும்பி வந்தது,
பாரம் ஏற்றிக்கொண்டு.

ஜாலான் பாசாரில் யாப்பின் கடை.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி மலாயில் கேட்டார்:
காற்று வேண்டுமா, அமைதி வேண்டுமா?
இந்த அளவில் இரண்டும் கிடைக்காது.
அமைதியில் இரண்டு வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை. நாற்காலிகள் காலி.
மூடியைத் திறந்தால், கசக்கிய போர்வை போலத் தூசி,
அதில் ஒரு ஈசலின் ஒற்றைச் சிறகு.
கறுப்புக்குக் கறுப்பு, சிவப்புக்குச் சிவப்பு;
மஞ்சள் கம்பி மட்டும் இடம் மாறியிருந்தது,
குண்டூசியால் நெம்பிச் சரிசெய்தேன்.
சுழன்றது.
சுழல்கிறதென்று காதுக்குத் தெரியவில்லை.

சுவிட்சுக்கும் தெரியவில்லை.
மூன்று நிமிடம் எண்ணிப் பார்த்துவிட்டு
ஆரஞ்சு விளக்கைப் போட்டது.
திரையில்: விசிறி ஒன்று பழுது. விசிறி இரண்டு பழுது.
நிமிடத்துக்கு இத்தனை ஆயிரம் சுற்று வராதது எதுவும்
அதன் கணக்கில் உயிரோடு இல்லை.
வெப்பம் பார்த்தேன், நாற்பத்தொன்பது. தாங்கும்.

வழி ஒன்று உண்டு.
மஞ்சளை வெட்டிக் கறுப்போடு முறுக்கிவிட்டால்
இந்த ரகப் பெட்டி வாயை மூடிக்கொள்ளும்.
பிறகு விசிறி நிஜமாகவே நின்றாலும்
நலம், நலம் என்றே எழுதும்.
கத்தரி கையில்தான் இருந்தது.
வெட்டவில்லை. நேர்மை என்று சொல்லமாட்டேன்.
பசித்தது. கீழே போய் நாசி லெமாக் சாப்பிட்டேன்.

செவ்வாயன்று அந்தோணிராஜ் அண்ணாந்து பார்த்தார்.
"லோரி போயிடுச்சா?"
போயிடுச்சு அண்ணே.
கொஞ்ச நேரம் கழித்து,
"ஓடுதா, இல்ல நின்னுபோச்சா?"
ஓடுது.
"உனக்கு எப்படித் தெரியும்?"

இடது கையை நீட்டினார். "இங்க தொடு."
முழங்கைக்குக் கீழே, புடைத்த நரம்பில்
சட்டைக்குள் சிக்கிய வண்டு போல ஓர் இரைச்சல்,
காதில் அல்ல, என் விரல் நுனியில்.
"பல்லு விளக்குறதுக்கு முன்ன தினமும் தொட்டுப் பார்ப்பேன்.
இரையணும். இரையலைன்னா
சட்டை மாத்தாம ஓடி வரணும்னு நர்ஸ் ஹஸ்லினா சொல்லியிருக்கா."

ஏணியில் ஏறி
பெட்டியின் பக்கவாட்டுத் துளையில் உள்ளங்கை வைத்தேன்.
வெதுவெதுவென்று,
தூங்குகிறவர் மூக்கில் வருமே, அவ்வளவு காற்று.

அன்று மூன்று மொழியில் ஒட்டிய தாள்:
ஆரஞ்சு விளக்குக்குப் பயப்பட வேண்டாம்.
இங்கே கை வைத்துப் பாருங்கள்.
காற்று வராவிட்டால் கூப்பிடுங்கள்.
கீழே என் எண்.

மிஸ் ஹோ தாளைப் படித்தார்,
விளக்கைப் பார்த்தார்,
ரசீது கேட்டார்.
நாற்பத்தாறு ரிங்கிட்.