கடல்பாசிக் கடல்

ஷார்ஜா, பதின்மூன்றாம் தொழிற்பேட்டை.
டயர் கடைக்குப் பின்னால் எங்கள் பட்டறை.
இன்னும் கட்டாத ஒரு தீவை
இருநூறில் ஒன்றாகச் சுருக்கிக்கொண்டிருந்தோம்.
ஈச்சமரத்துக்குச் செப்புக் கம்பி,
மணலுக்குச் சலித்த மணல்,
கடலுக்குத்தான் ஒன்றும் சரிவரவில்லை.
அக்ரிலிக் பதித்தால் கண்ணாடி.
ரெசின் ஊற்றினால் ஐஸ்.

ராத்திரி ஓவர்டைம். போனில் எதையோ தேட
ஒரு பழைய ஜப்பான் படம் அகப்பட்டது.
யுத்த காலத்தில் சர்க்கார் சொல்லி எடுத்தது.
கறுப்பு வெள்ளை, உள்ளே மழை பெய்கிற மாதிரி கீறல்.
மேகத்தைக் கிழித்துக்கொண்டு விமானங்கள்,
கீழே துறைமுகம், அடுக்கி வைத்த கப்பல்கள்,
ஓட்டுகிறவன் சிரிக்கிறான், பல் தெரிய.

கொட்டகையில் பார்த்தவர்களுக்கு வீரம் தெரிந்திருக்கும்.
எனக்குக் கம்பி தெரிந்தது.
இடது இறக்கைக்கு மேல், ஒரே நொடி,
வெளிச்சம் வாங்கி மறைகிறது.
மேகம் பஞ்சு. மலை சாக்கும் சுண்ணாம்பும்.
விமானம் பறக்கவே இல்லை,
தொங்கின இடத்தில் தொங்குகிறது,
பின்னால் வானத்தை எவனோ உருட்டுகிறான்.

குண்டு விழுகிறது. தண்ணீர் தூணாக எழும்புகிறது.
அங்கேதான் மாட்டிக்கொண்டார்கள்.
கப்பலைச் சின்னதாக்கலாம், கிரேனை, கோபுரத்தை,
துளியைச் சின்னதாக்க முடியாது.
பொம்மைக் கப்பல் மேல் தெறிக்கிற சொட்டு
ஒரு வீடளவு பெரிசு.
தீயும் அப்படித்தான். நாம் சொன்ன அளவுக்கு எரியாது.

ஆனால் தூரத்துக் கடல்!
அசையாமல் அசைந்தது, சுருக்கம் சுருக்கமாக.
நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி பார்த்தேன்.
அந்த நடுக்கம் எனக்குப் பழக்கம்.
கீழக்கரையில் நோன்பு மாசம் முழுக்க
தட்டுத் தட்டாக அது நடுங்கும்.
கடல்பாசி.
காய்ச்சி ஊற்றி, உறைய விட்டிருக்கிறார்கள்.
கடலில் விளைந்ததை வைத்தே கடல் செய்திருக்கிறான்
பெயர் போடாத ஒருவன், என் தொழில்காரன்.

ரோடெலைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
'பாரேன், கப்பலில் ஆளே இல்லை,
யாரும் சாகவில்லை, எல்லாம் கடல்பாசி.'
அவன் மணிலாக்காரன். கையில் உப்புத்தாள்.
கடைசிவரை நின்று பார்த்தான்.
'எங்கள் தெருவுக்கு வந்தபோது
கம்பி இல்லை, சீனி' என்றான்.
மசூதிக் குமிழைத் தேய்க்கப் போய்விட்டான்.
போனைக் கவிழ்த்து வைத்தேன்.
ஏசியின் இரைச்சல் மட்டும் ரொம்ப நேரம்.

மறுநாள் சாயங்காலம் ரோலாவில்
பத்துப் பாக்கெட் கடல்பாசி கேட்டேன்.
'எத்தனை பேர் நோன்பு திறக்க?' என்றார் கடைக்காரர்.
'கடலுக்கு' என்றேன். மீதிச் சில்லறையை எண்ணாமல் தந்தார்.
மூன்று நாளில் காய்ந்து தோலாகிவிடும் அது.
அதற்குள் அதன் சுருக்கத்தை சிலிக்கானில் அச்செடுத்து
நீல ரெசினில் ஒரு வளைகுடா வார்த்தேன்.
மிச்சத்தில் பால் ஊற்றிக் காய்ச்சி
ரூமில் ஏழு பேர் தின்றோம். இனிப்பு கொஞ்சம் குறைவு.

ஒப்படைக்கிற அன்று கோட்டுப் போட்டவர்கள் வந்தார்கள்.
யாரும் குனியவில்லை, தரையோடு தரையாய்ப் பார்க்கவில்லை.
மேலிருந்தேதான்.
ஒருவர் போனை நீட்டி
வில்லாக்களுக்கு மேல் தாழப் பறந்து,
படகுத்துறையில் திரும்பி, இன்னொரு சுற்று வந்தார்.
பல் தெரியச் சிரித்தார். கடலைத் தட்டிப் பார்த்தார்.
'ஆட்களை எடுத்துவிடுங்கள்,
இடம் நெரிசலாகத் தெரிகிறது.'

ஒன்பது மில்லிமீட்டர் உயரம் ஒவ்வொருவரும்.
ரோடெலும் நானும் இடுக்கியால் பிடுங்கிப் பிடுங்கி
ஊறுகாய் பாட்டிலில் போட்டோம்.
ஒட்டும்போது இருநூற்றுப் பன்னிரண்டு.
பாட்டிலில் இருநூற்றுப் பதினொன்று.

படகுத்துறைத் தூணுக்குப் பின்னால் ஒருவன் நிற்கிறான்.
விட்டது அவனா நானா,
கேட்டுக்கொள்ளவில்லை.
கழுத்தைச் சுட்டு வளைத்திருக்கிறது யாரோ,
அண்ணாந்து பார்க்கிற மாதிரி.