எண்ணிக்கைக்கு விட்ட இடம்

புதுக்கடையில், நொத்தாரிசுகளின் பெயர்ப்பலகைகளுக்குக் கீழே
ஒரு மேசையும் அரைக் குடையும் என்னுடையவை.
விசைப்பலகையில் 'ந' தேய்ந்து நாலு மாதம்.
இந்த வட்டாரத்தில் முதலில் தேய்வது அந்த எழுத்துத்தான்.

காலையில் மயூரபாதன் சேர் வந்தார்,
கறுப்புக் கோட்டு கையில், கொலரில் நேற்றைய வியர்வை.
"பிலோ, இண்டைக்கே வேணும்.
உயர் நீதிமன்றத்து நீதியரசர் தொகையைக் கூட்டச்சொல்லி
எங்கட சமர்ப்பணம்."

அடித்தேன்.
தேங்கிக் கிடக்கும் கோப்புகள்,
தீர்ப்புக்கு முன்பே செத்துப்போன மனுதாரர்கள்,
நாடு முழுவதற்கும் ஒரு கைப்பிடி கதிரை.
மூன்றாம் பக்கத்தில்
'நீதியரசர்களின் எண்ணிக்கை' என்ற சொற்களுக்குப் பிறகு
விரல் நின்றது.
"எத்தனை, சேர்?"
"இடம் விட்டு வை. இரவு கூட்டத்தில முடிவாகும்."
ஐந்து அடிக்கோடு விட்டேன்.

மத்தியானம், மழை இறங்கிக்கொண்டிருக்கையில்
நஸ்லியா மிஸ் வந்தா.
அதே சட்டமூலம். மற்றப் பக்கம்.
"கதிரையைக் கூட்டுகிற கைதான்
இருக்கிற ஆளையும் தெரியும்.
இன்று ஒருவர் கூட்டினால் நாளை வருபவர் இன்னும் கூட்டுவார்.
கடைசியில் மன்று
மருதானை பஸ் மாதிரி ஆகும்,
ஏறியவரெல்லாம் நடத்துநருக்கு வேண்டியவர்."
பஸ்ஸை அவவே வெட்டினா.
"மன்றில இப்பிடிச் சொல்லேலாது."
தாளில் இல்லை. எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

'சுயாதீனம்' காலையில் ஒன்பது தடவை,
மத்தியானம் பதினான்கு.
இரண்டும் 'பணிவுடன்' என்று தொடங்கி
'நீதியின் நலன் கருதி' என்று முடிந்தன.
இரண்டையும் கேட்கப்போவதும் அதே மன்று:
தையற்காரன் தன் முதுகுக்குத்
தானே நாடா பிடிப்பதுபோல.

எனக்கும் அங்கே ஒரு கோப்பு உண்டு.
அண்ணன் ஜெறோமைப் பொலிஸ் கூட்டிப்போய்
வலது காது கேட்காமல் திருப்பி அனுப்பிய வழக்கு.
ஒன்பது வருஷம், இருபத்துமூன்று தவணை.
ஒருமுறை ஆயம் நிறையவில்லை, ஒருவர் வெளிநாட்டில்.
ஒருமுறை நீதியரசர் தாமே விலகிக்கொண்டார்,
வேறு ஆளில்லை.
அப்போதெல்லாம் நான் மயூரபாதன் கட்சி.

பிறகு ஒருமுறை ஆயம் நிறைந்திருந்தது.
மூவரும் வந்தார்கள், மூவரும் கோப்பைத் திறந்தார்கள்.
வைத்தியரின் கடிதம் தமிழில்.
மொழிபெயர்க்க ஆளில்லை.
ஏழு மாதம் தள்ளிப்போட்டார்கள்.
எத்தனை கதிரை போட்டிருந்தால்
அந்தக் கடிதம் பேசியிருக்கும்?

அந்த ஒரு வரி இருவர் தாளிலும் இல்லை.
மழை விட்டபின் சேரின் கோப்பைத் திறந்து
ஏழாம் பந்திக்குக் கீழே
'மொழிபெயர்ப்பாளர் ஒருவர்' என்று அடித்தேன்.
பார்த்தேன்.
கூலிக்கு அடிப்பவள் சேர்த்த வரிக்கு
எந்தச் சட்டத்தரணி கையொப்பமிடுவார்?
அழித்தேன்.
அழித்த இடத்தில் ஒரு வெற்று வரி நின்றது,
அதை மட்டும் எடுக்கவில்லை.

இரவு, தெமட்டகொடையில் பஸ் நிற்கும்போது சேர் அழைத்தார்.
எண்ணைச் சொன்னார். ஹோர்ன் சத்தத்தில்
பதினைந்தா பத்தொன்பதா விளங்கவில்லை.
"காலைல அடிக்கிறன், சேர்."

வீட்டில் ஜெறோம் இடது காதைத் திருப்பி
என் முன்னால் அமர்ந்தான்.
"கதிரை கூடினா எங்கட வழக்கு முன்னுக்கு வருமா?"
சோற்றைப் பிசைந்தபடி இருந்தேன்.
இரண்டு பக்கமும் அடித்த கை இது,
இரண்டும் பிழையில்லாமல்தான் விழுந்தன.
"அடுத்த தவணை எப்ப?" என்றான்.
அதற்கு மட்டும் என்னிடம் எண் இருந்தது.