கொம்பு தனியே

உறைவு என்று அறிவித்துவிட்டார்கள்.
பிப்ரவரி. கொரடாச்சேரியில் மின்விசிறி மூன்றில் ஓடுகிறது,
உறைவதற்கு இங்கே தயிர்தான் உண்டு.
ஆனாலும் விதி புரிகிறது:
உறை ஊற்றியாகிவிட்டது,
ரிலீஸ் வரைக்கும் பாத்திரத்தை அசைக்கக் கூடாது.

அந்த லினக்ஸின் அறுபதாயிரம் பேக்கேஜில்
ஒன்றே ஒன்று என் பொறுப்பு.
எழுத்துகளை வரியில் மடித்துவைக்கும் சின்ன நூலகம்.
அலமாரி கிடையாது, சந்தா கிடையாது,
இருநூற்றுப் பதினான்கு நிரல்கள் அதன்மேல் சாய்ந்து நிற்கின்றன.

அதில் ஒரு பிழை.
அகலத்தை அளக்கும், எழுத்தை அளக்காது.
வரி முடிகிற இடத்தில் விரற்கடை மிஞ்சினால்
கொம்பை மட்டும் அங்கே நிறுத்திவிட்டு
மற்றதைக் கீழே தள்ளிவிடும்.
கூட்டுறவுச் சங்கத்து ரசீதில்
எங்கள் ஊர் காரடாச்சேரி.
பொற்கொடி என்ற பெண்
பயிர்க்கடன் வாங்கிய நாளிலிருந்து பாதி காடி.
கடன் தொகை மட்டும் உடையாமல் வருகிறது.

சங்கத்தில் ஜெபமாலை எழுத்தர்.
பிரிண்டர் துப்பியதும் பேனா எடுத்து
கொம்புக்குப் பக்கத்தில் ஒரு க போட்டு, ஒரு கால் இழுத்து,
கீழே கிடப்பதை அடித்துவிட்டு
சீல் வைப்பாள்.
ஒருநாள் ஜெராக்ஸ் கடை மாடியேறி வந்து
நாற்பது ரசீதை என் மேசையில் போட்டாள்:
"நீதான் கம்ப்யூட்டர்ல என்னமோ பண்றியாமே?"

நூலகத்தை முதலில் எழுதிய யூஹா பின்லாந்தில் இருக்கிறான்.
போன மாதமே சரிசெய்துவிட்டான்,
ஆனால் கொம்பை ஒட்டவைக்கப் போனவன்
வீட்டையே இடித்துக் கட்டியிருக்கிறான்.
ஒன்பதாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு வரி மாற்றம்,
வாசல்கூட வேறு திசை.
சாய்ந்து நின்றவை அத்தனையும் விழும்.

தெரிந்தேதான் அனுப்பினேன். ஆசை.
"மிகப் பெரிது" என்று திரும்பி வந்தது.
எழுதியவள் ரெனாத்தா, உறைவுக்குக் காவல்.
அவளைச் சத்தமாகத் திட்டினேன்.
ரயில்வே கேட்டில் மாட்டிய அறுவடை இயந்திரம்
ஹாரன் அடித்துக்கொண்டிருந்ததால்
யாருக்கும் கேட்கவில்லை.
அவள் சொன்னது சரி என்று படுவதற்கு
இரண்டு நாள் ஆயிற்று.

பிறகு மூன்று இரவு.
எது பிழையின் மருந்து, எது யூஹாவின் உற்சாகம் என்று
வரிவரியாகத் தூற்றினேன்.
கருக்காய் பறந்தது.
நின்றது பதினோரு வரி.

சோதித்துப் பார்க்க ஒரு சொல் வேண்டியிருந்தது.
கொரடாச்சேரி என்று தட்டினேன்.
ஏழு வகைக் கணினியில் ஊர் உடையவில்லை.
எட்டாவது, நான் படத்தில்கூடப் பார்த்திராத இயந்திரம்,
எந்த நாட்டு வங்கியின் நிலவறையிலோ இருக்கிறதாம்,
பைட்டுகளை மறுமுனையிலிருந்து படிக்குமாம்,
அது மட்டும் எங்கள் ஊரைத் தின்றுவிட்டது.
பதினொன்று பன்னிரண்டானது.

"தடை நீக்கப்பட்டது. இருபது நாள் ஊறட்டும்."
ரெனாத்தாவுக்கு அதற்குமேல் பேச்சு வராது.
மேட்டூர் மூடி மூன்று வாரம்.
வெட்டாற்றுப் பாலத்தடியில் ஒரு முழத் தண்ணீர்
போக்கிடம் இல்லாமல் நிற்கிறது, ஆடு இறங்கிக் குடிக்கிறது.
இன்று பதினான்காம் நாள்.
எதையும் தொடாமல் இருப்பதும்
வேலைதான் என்று யாரிடம் சொல்வது?

ஜெபமாலையிடம் சொன்னேன், சரியாகிவிட்டது என்று.
"எப்ப வரும்?"
கோடையில் ரிலீஸ்.
"சங்கத்துக்கு?"
தஞ்சாவூரிலிருந்து ஆள் வந்து ஏற்றினால்.
"கடைசியா ஆள் வந்தது கஜா புயலுக்கு முன்னாடி."

நான் ஒன்றும் பேசவில்லை.
அவள் பேனாவை இரண்டு முறை உதறினாள், மை இறங்க.
"அதுவரைக்கும் நல்லதா ஒண்ணு வாங்கிக் கொடு,
இது கால் இழுக்கறப்ப நின்னுபோகுது."

வாங்கிக் கொடுத்தேன்.
நீல மை. பத்து ரூபாய்.